தமிழ் வழியே ஜப்பானிய மொழி: எழுத்தில் தொடங்கி வாசிப்பு வரை நீங்களே கற்றுக்கொள்ள

முதலில் ஒரு வாக்கியம். "நான் நேற்று கடையில் வாங்கின புத்தகத்தைத் தம்பி படித்துக்கொண்டிருக்கிறான்." ஜப்பானிய மொழியில் இது "வதஷி க, கினோ, மிஸெ தெ, கத்த, ஹொன் ஒ, ஒதோதொ க, யொன்தெ இரு" என்று வரும். நான், நேற்று, கடையில், வாங்கின, புத்தகத்தை, தம்பி, படித்துக்கொண்டிரு. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. இதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜப்பானியத்துக்குக் கொண்டுவருவதென்றால் வாக்கியத்தை இரண்டு முறை தலைகீழாகப் புரட்ட வேண்டும். நம்மில் பலர் அப்படித்தான் படிக்கிறோம், கிடைக்கிற பாடப்புத்தகமும் செயலியும் ஆங்கிலத்தில் இருப்பதால்.

புத்தகம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஆனால் விளக்கத்தைப் படித்து முடித்ததும் எடுத்துக்காட்டைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். இலக்கணத்தில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அப்படி மிச்சமாகும் நேரம் அத்தனையும் தேவைப்படும். எழுத்துகளும் சொற்களும் காத்துக்கொண்டிருக்கின்றன.

மூன்று வகை எழுத்து

ஜப்பானியர்கள் ஒரே வரியில் மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதுகிறார்கள். ஹிராகனா ஒலியைக் குறிக்கும் எழுத்து. அடிப்படை எழுத்துகள் 46. வேற்றுமை உருபு, வினையின் விகுதி, சின்னச் சின்னச் சொற்கள் இதில் வரும். கதகனா அதே 46 ஒலிகளுக்கான வேறு வடிவம். வெளிநாட்டுச் சொற்கள், வெளிநாட்டார் பெயர்கள் இதில் எழுதப்படும். உங்கள் பெயரும் இதில்தான் வரும். கான்ஜி சீனாவிலிருந்து வந்த எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு பொருளைத் தாங்கி நிற்கும்.

"சாப்பிட்டேன்" என்பதற்கான "தபெமஷித" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'சாப்பிடு' என்ற பொருள் ஒரு கான்ஜியில் இருக்கும். காலமும் மரியாதையும் காட்டும் மீதிப் பகுதி ஹிராகனாவில் தொடரும். சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் ஜப்பானிய எழுத்தில் இல்லை. எழுத்து வகை மாறும் இடத்தை வைத்துத்தான் கண் சொல்லைப் பிரிக்கிறது. "எல்லாவற்றையும் ஹிராகனாவிலேயே எழுதினால் என்ன?" என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். சில மாதம் கழித்து முழுக்க ஹிராகனாவில் எழுதிய ஒரு பத்தியைப் படித்துப் பார்த்தால் கான்ஜி எவ்வளவு உபகாரம் என்று புரியும்.

முதல் இரண்டு வாரம்: ஹிராகனா

ஹிராகனா அட்டவணையைத் திறந்ததும் தமிழ் படித்தவருக்குப் பழகிய முகம் தெரியும். உயிர் அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ வரிசைகள். ஹ வரிசை பழங்காலத்தில் ப ஒலியாக இருந்தது. அதைப் ப என்று வைத்துக்கொண்டால் க ச த ந ப ம ய ர வ, நம் நெடுங்கணக்கின் அதே வரிசை. இது தற்செயல் அல்ல. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதத்தைச் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் படித்ததன் பலனாக இந்த ஒழுங்கு ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் அட்டவணையின் வரிசையை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வடிவங்களை மட்டும் கற்றால் போதும்.

ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஐந்து எழுத்து. கட்டம் போட்ட நோட்டில் நான்கு சின்னக் கட்டத்தைச் சேர்த்து ஒரு எழுத்துக்கான இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எந்த வரிசையில் போகிறது என்பதை முதல் நாளிலிருந்தே சரியாகப் பழக வேண்டும். 'நெ', 'ரெ', 'வ' மூன்றும் ஒரே மாதிரி தெரியும். மூன்றிலும் இடப்பக்கம் ஒன்றுதான், வால் மட்டும் வேறு. 'நெ'யின் வால் சுழிந்து முடியும், 'ரெ'யின் வால் வெளியே உதைக்கும், 'வ'வின் வால் உள்பக்கம் வளையும். 'நு'வில் சுழி உண்டு, 'மெ'யில் இல்லை. 'ரு'வில் சுழி உண்டு, 'ரொ'வில் இல்லை. இந்த மாதிரி இரட்டைகளை ஒரே பக்கத்தில் பக்கத்து பக்கத்தில் எழுதிப் பழகினால் குழப்பம் சீக்கிரம் தீரும்.

இந்தக் கட்டத்தில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்ளவே கூடாது. (நான் இங்கே எழுதியிருப்பது வெறும் அடையாளத்துக்கு.) காரணம் இதுதான். ஜப்பானிய மொழியில் சாவிக்கு ஒரு சொல், சீமைப்பனிச்சைப் பழத்துக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'ககி' என்றுதான் வரும். சாவியில் இரண்டாவது எழுத்து 'பங்கு' என்பதில் வரும் கு போல அதிர்வோடு ஒலிக்கும், பழத்தில் 'பாக்கு' என்பதில் வருவதுபோல அழுத்தமாக, ஆனால் இரட்டிக்காமல். சரி, அழுத்தம் காட்ட 'கக்கி' என்று எழுதலாமே என்றால், அது உற்சாகம், சுறுசுறுப்பு என்ற பொருள் கொண்ட மூன்றாவது சொல்லாகிவிடும்.

தமிழில் வல்லினம் சொல்லின் நடுவே தனியாக வந்தால் தானாக மெலிந்துவிடும். 'அகம்' என்பதை யாரும் 'அக்கம்' போல அழுத்திச் சொல்வதில்லை. ஜப்பானியத்தில் அந்தத் தானியங்கி வேலை கிடையாது. க என்று எழுதினால் எந்த இடத்திலும் அழுத்தமான க. மெலிந்த ஒலி வேண்டுமென்றால் எழுத்தின் மேல் வலப்பக்கம் இரண்டு சிறு கீற்று போடுவார்கள். ஹ வரிசைக்கு மேல் சிறு வட்டம் போட்டால் ப. நம் நாக்கின் பழக்கத்தைத் திருத்தும் வேலையை அந்த இரண்டு கீற்று செய்யும், அதனால் ஹிராகனாவிலேயே படித்தால்தான் உச்சரிப்பு நேராகும். ஆங்கில எழுத்தில் குறித்துக்கொள்வதிலும் வேறு சிக்கல் இருக்கிறது. அதில் பார்த்தால் நாம் த வரிசையை ட வரிசையாக்கிவிடுவோம். ஜப்பானியத் த நம் த-வுக்குத்தான் நெருக்கம்.

மற்றபடி ஒலியில் நமக்குச் சாதகம் நிறைய. குறில் நெடில் வேறுபாடு ஆங்கிலம் பேசுபவரைப் படாதபாடு படுத்தும். அத்தையைக் குறிக்கும் சொல்லில் ஓர் உயிரை நீட்டினால் பாட்டி ஆகிவிடும். இரட்டித்த மெய்யும் அப்படியே. நமக்கு இரண்டும் பால்குடி மறக்குமுன் வந்தவை. 'தெஸு' போன்ற சொற்களின் கடைசி உகரம் உதடு குவியாமல் தேய்ந்து ஒலிக்கும், கிட்டத்தட்ட நம் குற்றியலுகரம்.

ஒரே ஓர் எச்சரிக்கை, மாத்திரையில். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது அங்கேயும் உண்டு. ஆனால் நமக்கு மெய் அரை மாத்திரை, அவர்களுக்கு 'ன்' என்ற தனி எழுத்தும் இரட்டிப்பின் முதல் பாதியும் முழு மாத்திரை. 'நிப்பொன்' என்பது அவர்கள் காதில் நி, ப், பொ, ன் என்று நான்கு சம அளவுத் தட்டு. கையால் தாளம் போட்டுக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். சிறிய 'ய', 'யு', 'யொ' எழுத்துகள் முந்தைய எழுத்தோடு ஒட்டி ஒரே தட்டாகிவிடும் என்பதையும் இதே தாளத்தில் பிடித்துக்கொள்ளலாம். மருத்துவமனைக்கும் அழகு நிலையத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்த 'யொ' சிறியதா பெரியதா என்பது மட்டும்தான்.

கதகனா: அலுப்பாக இருந்தாலும் உடனே

ஹிராகனா முடிந்த கையோடு கதகனாவைத் தொடங்கிவிட வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, உணவக மெனுவை ஒரு வருடம் கழித்தும் தடவித் தடவிப் படிக்கிறார்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் 'ஷி'யும் 'த்ஸு'வும். இரண்டிலும் இரண்டு குட்டிக் கீற்று, ஒரு நீண்ட கோடு. 'ஷி'யில் கீற்றுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். 'த்ஸு'வில் கீற்றுகள் மேலே அருகருகே நிற்கும், நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். கீற்று ஒன்றாகக் குறைந்தால் ஏறுவது 'ன்', இறங்குவது 'ஸொ'. அச்செழுத்தைப் பார்த்துக் கற்றால் இது பிடிபடாது. கையால் நாலு நாள் எழுதினால் பிடிபடும்.

கதகனாச் சொற்கள் எல்லாம் ஆங்கிலம் என்று நினைக்க வேண்டாம். ரொட்டிக்கு 'பன்' என்பது போர்ச்சுகீசியம். ஜன்னலையும் அலமாரியையும் நமக்குத் தந்த அதே மாலுமிகள் கொண்டுபோனது. பகுதிநேர வேலைக்கு 'அருபைதொ' என்பது ஜெர்மன்.

இலக்கணம்: தமிழை முன்னால் வையுங்கள்

பாடப்புத்தகம் ஒன்று போதும். 'கெங்கி', 'மின்னா நொ நிஹொங்கொ' இரண்டும் பரவலாகக் கிடைப்பவை. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரொதொரி' பாடங்களை ஒலிப்பதிவோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் முடிக்கும்வரை மாற்றாதீர்கள்.

உருபுகளை ஒரு பக்கத்தில் இப்படி எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 'ஒ' என்றால் ஐ. 'நொ' என்றால் உடைய. 'கர' என்றால் இலிருந்து. 'மதெ' என்றால் வரை. 'மொ' என்றால் உம். 'வதஷி மொ' நானும். 'யாரும் இல்லை' என்னும்போது வருகிற உம்-முக்கும் அதே 'மொ'தான். வாக்கியக் கடைசியில் 'க' போட்டால் நம் ஆ-காரக் கேள்வி. 'தொ' என்பது உடன், அதுவே 'என்று சொன்னான்' என்பதில் வரும் 'என்று'.

'எனக்கு நாய் பிடிக்கும்' என்பதில் நாய்க்கு ஐ உருபு வருவதில்லை அல்லவா? ஜப்பானியத்திலும் நாய்க்குப் பின்னால் 'க' என்ற எழுவாய் உருபுதான் வரும் (கேள்வியின் 'க' அல்ல, 'பங்கு' என்பதில் வருவதுபோல மெலிந்து ஒலிக்கும் வேறு 'க'). ஆங்கில வழியில் படிப்பவர்கள் இதை ஒரு விதிவிலக்காகக் கற்கிறார்கள்.

தமிழ் ஏமாற்றும் இடமும் உண்டு. 'வீட்டில் இருக்கிறேன்', 'வீட்டில் சாப்பிட்டேன்' இரண்டிலும் நமக்கு ஒரே இல். அவர்களுக்கு இருப்பதென்றால் 'நி', செயல் நடந்தால் 'தெ'. அதேபோல 'வ', 'க' என்ற இரண்டு உருபுகளுக்கும் தமிழில் நேர் இணை இல்லை. இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: "யார் வந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது தம்பிக்குப் பின்னால் 'க', "தம்பி என்ன செய்கிறான்?" என்றால் தம்பிக்குப் பின்னால் 'வ'. மீதி, படிக்கப் படிக்கத் தெளியும்.

அப்புறம் 'தெ' வடிவம். தொடக்கநிலையில் அதிக நேரம் தர வேண்டியது இதற்குத்தான், ஏனென்றால் நமக்கு இதில் கிடைக்கும் லாபம் பெரிது. இது நம் வினையெச்சம். செய்து, படித்து, வாங்கி. 'மிரு' என்றால் பார். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'ஒகு' என்றால் வை. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'வஸுரெதெ ஷிமவு' மறந்துவிடு. 'மொத்தெ குரு' எடுத்து வா. 'யொன்தெ இரு' படித்துக்கொண்டிரு. ஆங்கிலப் பாடநூல் ஒவ்வொன்றையும் தனிப் பாடமாக வைத்து விளக்கும். நீங்கள் துணைவினையை மட்டும் கற்றுக்கொண்டு தமிழில் ஒட்டுவதுபோல ஒட்டிவிடலாம்.

வடிவத்தை உருவாக்கும் விதி மட்டும் மனப்பாடம். 'யொமு' மாதிரி மு-வில் முடிந்தால் 'யொன்தெ', 'கவு' மாதிரி உ-வில் முடிந்தால் 'கத்தெ', 'ககு' மாதிரி கு-வில் முடிந்தால் 'கய்தெ', 'ஹனஸு' மாதிரி ஸு-வில் முடிந்தால் 'ஹனஷிதெ'. தினம் பத்து வினையை மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

இந்த ஒற்றுமைகளை வைத்துத்தான் ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் இதே வாக்கிய அமைப்பு இருக்கிறது. படிக்க உட்கார்ந்தவருக்கு அந்த விவாதம் தேவையில்லை, நேரம்தான் போகும்.

கான்ஜி: நீண்ட பாதை

பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வெளியிட்ட பட்டியலில், 2010 திருத்தத்தின்படி, 2136 எழுத்துகள். அதில் 1026 ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்குள் கற்பிக்கப்படுகின்றன. முதல் வகுப்புக்கு வெறும் 80. உங்கள் முதல் இலக்கும் அந்த 80தான்.

கிழமைகளிலிருந்து தொடங்குவது எளிது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நாம் சொல்லும் அதே கோள் வரிசை அங்கேயும். எழுத்துகள் முறையே சூரியன், நிலா, நெருப்பு, நீர், மரம், பொன், மண். ஏழு கிழமையில் ஏழு அடிப்படை எழுத்து கைக்கு வந்துவிடும். இவை மற்ற எழுத்துகளுக்குள்ளும் உறுப்பாக வந்துகொண்டே இருக்கும். சூரியனும் நிலாவும் அருகருகே நின்றால் வெளிச்சம். இரண்டு மரம் தோப்பு, மூன்று மரம் காடு. மரத்தின் பக்கத்தில் ஒரு மனிதன் என்றால் ஓய்வு.

எழுதும் முறையையும் இதிலேயே பழகலாம். சூரியன் என்பது நின்ற செவ்வகத்துக்குள் நடுவே ஒரு கோடு. பார்த்தால் ஐந்து கோடு போலிருக்கும், எழுதினால் நான்கு. முதலில் இடப்பக்கக் கோடு மேலிருந்து கீழே. பிறகு மேல்கோடும் வலப்பக்கமும் கையெடுக்காமல் ஒரே இழுப்பு. பிறகு நடுக்கோடு. கடைசியில் அடிக்கோடு போட்டு மூட வேண்டும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், உள்ளே நிரப்பியபின் மூடு என்ற மூன்று விதியும் இந்த ஓர் எழுத்தில் அடக்கம். அகராதியில் விரலால் எழுதித் தேடும்போதும் இந்த ஒழுங்கு உதவும்.

ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று ஒலி என்பதுதான் புதியவர்களை மிரட்டும் விஷயம். சீனத்திலிருந்து வந்த ஒலி ஒன்று, ஜப்பானியரின் சொந்தச் சொல் ஒன்று. நீருக்கான எழுத்து தனியாக நின்றால் 'மிஸு', புதன்கிழமை போன்ற கூட்டுச்சொல்லில் 'ஸுய்'. நாம் தனியாக நீர் என்கிறோம், ஜலதோஷத்தில் அதுவே ஜலம் ஆகிறது. அதே கதைதான், ஆனால் அங்கே இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறார்கள். தனியாகவோ ஹிராகனா வாலோடோ வந்தால் சொந்த ஒலி, இரண்டு கான்ஜி ஒட்டி வந்தால் சீன ஒலி என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமையில் சூரிய எழுத்து முதலில் 'நிச்சி' என்றும் கடைசியில் 'பி' என்றும் ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமாக ஒலிக்கும். அதையெல்லாம் விதியாக ஆராயாமல் சொல்லாகக் கற்றுக்கொள்வதே நல்லது.

அதனால்தான் ஒலிப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்கிறேன். ஓர் எழுத்துக்கு இரண்டு சொல் போதும். 'மிஸு' தண்ணீர், 'ஸுய்தோ' குழாய்நீர். ஒலிகள் சொல்லோடு வந்து ஒட்டிக்கொள்ளும்.

நூறு நூற்றைம்பது எழுத்தைத் தாண்டியதும் ஒரு வசதி தெரிய வரும். கான்ஜியில் பெரும்பாலானவை ஒரு பக்கம் பொருளும் இன்னொரு பக்கம் ஒலியும் சொல்லும்படி அமைந்தவை. நீல நிறத்துக்கான எழுத்தின் சீன ஒலி 'ஸே'. அதன் இடப்பக்கம் நீர் உறுப்பைச் சேர்த்தால் தூய்மை, சூரியனைச் சேர்த்தால் வெயில் தெளிந்த வானம், சொல் என்னும் உறுப்பைச் சேர்த்தால் வேண்டுகோள். மூன்றும் 'ஸே'தான். முன்பின் தெரியாத எழுத்தின் ஒலியைக்கூட இப்படி ஊகிக்கலாம். எப்போதும் சரியாக இருக்காது, ஆனால் ஊகிக்க முடிகிறதே.

கையால் எல்லாவற்றையும் எழுதிப் பழக வேண்டுமா? முதல் 150 எழுத்தை எழுதுங்கள். அதன்பின் அடையாளம் காணத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. போனில் ஹிராகனாவில் தட்டினால் கான்ஜி தானாக வந்து நிற்கும், சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானில் பள்ளிப் படிப்புக்கோ கையால் விண்ணப்பம் நிரப்பும் வேலைக்கோ போகிறவர்கள் மட்டும் தொடர்ந்து எழுதலாம்.

தினசரி ஓட்டம்

மறக்காமல் இருக்க 'ஆன்கி' செயலி. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. நீங்கள் மறக்கப்போகும் நேரத்தைக் கணக்கிட்டு அட்டையை மறுபடி காட்டும். முன்பக்கம் கான்ஜியில் சொல், பின்பக்கம் ஒலி, பொருள், ஒரு சிறு வாக்கியம். பொருளைத் தமிழில் எழுதுங்கள். ஒரு நாளைக்குப் புதிய அட்டை பத்துக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முதல் வாரம் தினம் முப்பது போட்டால், சில வாரத்தில் மறுபார்வை மலையாகக் குவிந்து செயலியைத் திறக்கவே பயமாகிவிடும். பத்து போட்டாலே மறுபார்வை தினம் நூறை ஒட்டி வந்து நிற்கும்.

காலையில் இருபது நிமிடம் அட்டைகள், மாலையில் முப்பது நிமிடம் பாடம், பயணத்தில் பாட ஒலிப்பதிவு. ஒலியைக் கேட்டுக்கொண்டே அரை நொடி பின்னால் நீங்களும் சொல்லுங்கள். 'ஹஷி' என்ற சொல்லில் குரல் மேலிருந்து இறங்கினால் சாப்பிடும் குச்சி, ஏறினால் பாலம். டோக்கியோ வழக்கின் இந்த ஏற்ற இறக்கத்தைப் பட்டியலிட்டுப் படிப்பதைவிடக் கேட்டுப் பின்தொடர்ந்து சொல்வதே சுலபம்.

அனிமே பார்த்து மொழியைக் கற்கலாமா என்று கேட்பார்கள். காதுக்கு நல்லது. அதில் வருவதுபோலப் பேசிவிடாதீர்கள். முதல் சந்திப்பில் நாம் யாரையும் "டேய், வாடா" என்பதில்லை. அங்கே நாயகன் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறான். பாடநூலின் 'தெஸு', 'மஸு' மரியாதை வடிவத்தில் இருங்கள்.

பாடநூலின் முதல் பாகம் பாதியைத் தாண்டியதும் வாசிப்பைத் தொடங்கலாம். 'ததொகு' என்ற தன்னார்வ அமைப்பு நிலைவாரியாக எழுதப்பட்ட குட்டிக் கதைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கான்ஜிக்கு மேலே சிறிய ஹிராகனாவில் ஒலி போட்டிருக்கும். அகராதியைத் தொடாமல், தெரியாததைத் தாண்டிக்கொண்டு படிக்க வேண்டும். ஒரு கதையில் பாதிக்கு மேல் புரியவில்லையா, அதைவிடச் சுலபமானதை எடுங்கள்.

தேர்வு எழுதுவதாக இருந்தால்

ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. இப்போது ஐந்து நிலை, என்5 தொடக்கம், என்1 உச்சம். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். சென்னையிலும் எழுதலாம். பதிவு சில மாதம் முன்பே முடிந்துவிடும், கவனம். தினம் ஒரு மணி நேரம் தவறாமல் உட்கார்ந்தால் ஆறேழு மாதத்தில் என்5க்குத் தயாராகலாம். நிலைகளை வரிசையாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவன வேலையை மனதில் வைத்துப் படிப்பவர்கள் என்5ஐத் தாண்டி நேரே என்4 எழுதலாம். என்5 சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் பெரிய மதிப்பில்லை.

எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். எழுதவோ பேசவோ வேண்டியதில்லை. என்5இல் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38ம், கேட்டலில் 60க்கு 19ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். வீட்டில் தனியாகப் படிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கேட்டலில்தான். ஒலிப்பதிவு ஒருமுறை மட்டும் ஓடும். அதிகாரப்பூர்வ மாதிரிக் கேள்விகள் ஒலியோடு தேர்வின் இணையதளத்திலேயே இருக்கின்றன. பயிற்சியின்போதும் இரண்டாவது தடவை ஓடவிடாமல் விடையைக் குறித்துவிட்டு, மதிப்பெண் போட்ட பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள்.